ஆறு வருஷம் தாக்குப்பிடித்த கம்பெனி

எங்கள் கடமலைக்குண்டில் யாரிடமாவது "பையன் ஆன்லைன் கேம் கம்பெனி தொடங்கப்போறான்" என்று சொன்னால், உடனே வரும் கேள்வி "ரம்மியா?" என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இலவம்பஞ்சு விற்ற காசும் தேங்காய் வெட்டிய காசும் செல்போனுக்குள் போய்த் திரும்பி வராத வீடுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத ஆள் கிடையாது. தமிழ்நாடு முழுக்கவே இந்த வேதனை இருந்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். அந்த ஆண்டே சட்டப்பேரவையில் தடை மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில்தான் அது சட்டமானது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்த பகுதியை எடுத்துவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் நாடு முழுக்கத் தடை போட்டது.

அதே சட்டத்துக்கு இன்னொரு பாதி உண்டு. பணம் வைக்காமல் ஆடும் விளையாட்டுகளையும் இ-ஸ்போர்ட்ஸையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதியைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். சென்னையில் இருந்தேன். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன் அப்படியே இங்கேயே தங்கி வேலை பார்க்கிறேன். அதனால் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எந்தச் சந்தேகம் என்றாலும் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவன் தேனியில் கல்லூரி முடித்துவிட்டான், சின்னவன் படித்துக்கொண்டிருக்கிறான். "அண்ணே, நம்மூர்ல இருந்துக்கிட்டே ஒரு கேம் கம்பெனி நடத்த முடியுமாண்ணே?" என்று பெரியவன் கேட்டான். நடையில் நின்றபடி சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. அவனுக்காகவும் அவனைப் போன்ற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு நிஜக் கம்பெனியின் கதை. இதைப் படிப்பவர்கள் வீட்டில் பாதிப்பேர் போனிலாவது லூடோ கிங் இருக்கும், அல்லது ஒரு காலத்தில் இருந்திருக்கும். அதைச் செய்தது நவி மும்பையில் இருக்கும் கேமீஷன் என்ற நிறுவனம். தொடங்கியவர் விகாஷ் ஜெய்ஸ்வால், பீகாரில் பாட்னாக்காரர். இந்தியாவின் ஆரம்பகாலக் கேம் நிறுவனங்களில் ஒன்றான இந்தியாகேம்ஸில் வேலை பார்த்துவிட்டு, 2010-ல் சொந்தமாக ஆரம்பித்தார். பெரிய முதலீட்டாளர் யாரும் பின்னால் இல்லை. கைச்சேமிப்பும் சின்னக் குழுவும்தான்.

லூடோ கிங் வந்தது 2016-ல். 2010-க்கும் 2016-க்கும் நடுவில் இருக்கிற ஆறு வருஷத்தைப் பாருங்கள். அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 2020-ல் நடந்த அதிசயத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். என்னை இழுப்பது முன்னால் இருந்த அந்த ஆறு வருஷம். உலாவியில் ஆடுகிற சின்னச் சின்ன விளையாட்டுகளைச் செய்து, அதில் வரும் விளம்பரக் காசில் சம்பளம் கொடுத்து, மறுபடி அடுத்த விளையாட்டு. பத்திரிகையில் பெயர் வராத வேலை. ஆனால் எந்த விளையாட்டில் ஆள் நிற்கிறார், எந்த நொடியில் சலித்து மூடிவிட்டுப் போகிறார், விளம்பரத்தை எங்கே வைத்தால் எரிச்சல் வராது என்பதெல்லாம் அந்தக் காலத்தில்தான் கைக்கு வந்திருக்கும். நாற்றங்காலில் நிற்கும் பயிரைப் பார்த்து யாரும் மகசூல் பேசுவதில்லை, ஆனால் மகசூல் அங்கேதான் தீர்மானமாகிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. எங்கள் ஊரில் ரீசார்ஜ் கடையில் நின்று ஐம்பது எம்பி, நூறு எம்பி என்று அளந்து போட்ட காலம் முடிந்து, தினசரி ஜிபி கணக்கில் டேட்டா கிடைத்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் வீட்டுக்கு ஒன்று வந்தது. லூடோ கிங் அந்த போனுக்கென்றே செய்தது போல இருந்தது. ஆப் சின்னது. சிக்னல் மங்கினாலும் ஆடலாம். நெட்டே இல்லாவிட்டால் ஒரே போனை நாலு பேர் மாற்றி மாற்றிக் கையில் வாங்கி உருட்டலாம். ஆள் கிடைக்கவில்லையா, கம்ப்யூட்டரோடு ஆடலாம். தூரத்தில் இருக்கும் அக்காவோடு ஆட வேண்டுமா, ஒரு அறை திறந்து அதன் எண்ணை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆன்லைன் விளையாட்டு செய்கிற சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவை செத்துப்போவது இந்த இடத்தில்தான். தனியாக ஆடும் விளையாட்டை ஒருவர் வாங்கினாலும் அவர் ஆடிக்கொள்வார். ஆன்லைன் விளையாட்டு அப்படி இல்லை. எதிரில் ஆட ஆள் வேண்டும், அதுவும் அதே நேரத்தில். நூறு பேர் டவுன்லோடு செய்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒருத்தர்தான் திறக்கிறார் என்றால், அவர் ஒரு நிமிஷம் காத்திருப்பார். யாரும் வராமல் மூடிவிடுவார். அடுத்து வருகிறவரும் காலி வீட்டைத்தான் பார்ப்பார். ஆள் இல்லாததால் ஆள் வராது. பெரிய கம்பெனிகள் விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்டி முதல் கூட்டத்தை விலைக்கு வாங்கிவிடும். சின்னக் கம்பெனிக்கு அது முடியாது. அதனால் யாரும் ஆன்லைனில் இல்லாதபோதும் ஆடத்தக்கதாக விளையாட்டு இருக்க வேண்டும். லூடோ கிங் அப்படி இருந்தது.

அப்படி இல்லாமலும் பிழைத்த ஒரு கம்பெனி உண்டு. அமெரிக்காவில் இன்னர்ஸ்லாத் என்றொரு நிறுவனம். மூன்றே பேர் சேர்ந்து செய்த அமாங் அஸ் என்ற விளையாட்டு 2018 ஜூனில் வந்தது. ஒரு விண்வெளிக் கப்பலில் இருப்பவர்களில் யார் துரோகி என்று கண்டுபிடிக்கிற ஆட்டம், கூட்டம் இல்லாமல் ஆடவே முடியாது. ஆரம்பத்தில் ஆடியவர்கள் மிகக் கொஞ்சம். செய்தவர்கள் மூடிவிடவில்லை, விளையாட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். 2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, விளையாடிக் காட்டி நேரலை செய்கிறவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ஒரே மழையில் குளம் நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்தார்கள், செப்டம்பரிலேயே அதைக் கைவிட்டு, இருக்கிற விளையாட்டையே செப்பனிடப் போகிறோம் என்றார்கள். கூட்டம் இங்கே இருக்கும்போது புதுக்கடை எதற்கு என்ற அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று பேர் கம்பெனி என்பதால்தான் அப்படி ஒரு மாதத்தில் திரும்ப முடிந்தது.

சரி, கேமீஷனுக்கு வருவோம். 2020 மார்ச் 25-ல் இந்தியா பூட்டப்பட்டது. ஊரடங்குக்கு முன் நாளுக்கு ஒன்றரைக் கோடிப் பேர் அளவில் ஆடிக்கொண்டிருந்த லூடோ கிங்கை ஐந்து கோடிப் பேர் வரை ஆடினார்கள் என்று விகாஷ் ஜெய்ஸ்வால் அப்போது பத்திரிகைகளிடம் சொன்னார். சர்வர்கள் தாங்கவில்லை. ஆட்டம் பாதியில் நின்றது, உள்ளே நுழைய முடியவில்லை. அவசர அவசரமாகச் சர்வர்களைப் பல மடங்கு கூட்டினார்கள். அவர்களும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. நூறு பேருக்கும் குறைவான ஒரு நிறுவனம் ஒரே நாளில் ஐந்து கோடிப் பேருக்குப் பகடை உருட்டிக்கொடுத்த காலம் அது. பிறகு ஆடும்போதே பேசிக்கொள்ளும் வசதி வந்தது, ஐந்தாறு பேர் சேர்ந்து ஆடும் வசதி வந்தது. கூகுள் பிளேயில் 10 கோடி டவுன்லோடைத் தாண்டிய முதல் இந்திய விளையாட்டு என்ற பெயரை அதற்கு முன்பே வாங்கிவிட்டது, அதற்கப்புறம் 50 கோடியும் தாண்டியது.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் கீழ்வீட்டு அத்தையும், திருப்பூரில் மாட்டிக்கொண்ட அவர் மகளும் ராத்திரி எட்டு மணிக்கு லூடோ ஆடுவார்கள். "ஆறு எப்பவும் அவளுக்கே விழுது, போனு அவ பக்கம்" என்று அத்தை சண்டை பிடிப்பார். இந்தச் சந்தேகம் அத்தைக்கு மட்டும் உள்ளதில்லை. லூடோ ஆடுகிற எல்லா ஊரிலும் கேட்கலாம். இதற்குப் பின்னால் இருக்கும் வேலை பையன்களுக்குத் தெரிய வேண்டியது என்பதால் சொல்கிறேன். பகடை எண்ணை ஆடுகிறவரின் போனே முடிவு செய்து சர்வருக்குச் சொன்னால், கொஞ்சம் கணினி தெரிந்த எவனும் ஆப்பைப் பிரித்து ஆறு ஆறாகப் போட்டுக்கொள்வான். அதனால் எண்ணை முடிவு செய்வது சர்வராக இருக்க வேண்டும், போன் வெறும் காட்சியைக் காட்ட வேண்டும். காய் நகர்த்தியதையும் சர்வர் சரிபார்த்துத்தான் ஏற்க வேண்டும். நடுவில் ஒருவருக்கு நெட் போனால் எத்தனை விநாடி காத்திருப்பது, அவர் இடத்தில் யார் ஆடுவது, திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து எப்படிச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். ஆன்லைன் விளையாட்டின் உழைப்பில் பெரும்பகுதி திரையில் தெரியாத இந்த வேலைதான். வரைபடமும் நிறமும் பார்த்து மயங்கி வருகிற பிள்ளைகள் இங்கே வந்ததும் களைத்துவிடுகிறார்கள்.

காசு எப்படி வருகிறது என்று பெரியவன் கேட்டான். லூடோ கிங்குக்குப் பெரும்பகுதி விளம்பரத்தில், கொஞ்சம் ஆட்டத்துக்குள் நாணயம், அலங்காரம் வாங்குவதில். ஒரு கணக்குக்காக, ஒரு ஆட்டக்காரரால் நாளுக்குப் 10 பைசா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஆடினால் 100 ரூபாய், இரண்டு பேர் சாப்பாட்டுக்குச் சரியாகப் போகும். பத்து லட்சம் பேர் ஆடினால் ஒரு லட்சம். நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தைக் கடக்கும்வரை சர்வர் வாடகை கட்டியாக வேண்டும். அதனால்தான் பலர் பந்தயப் பணத்தின் பக்கம் போனார்கள். அங்கே ஆயிரம் பேர் ஆடினாலே கம்பெனிக்குப் பணம் கொட்டும், ஏனென்றால் அது ஆடுகிறவர் வீட்டு அரிசிப் பணம். லூடோவையே பணம் கட்டி ஆடும் ஆட்டமாக மாற்றி நடத்திய ஆப்கள் இருந்தன. அதை விளம்பரப்படுத்திய நடிகர்களும் இருந்தார்கள். 2025 சட்டம் வந்ததும் அந்தத் தொழில் சில நாட்களில் கடையைச் சாத்தியது. பைசா பைசாவாகச் சேர்த்த கம்பெனி நிற்கிறது. இது எனக்கு நிம்மதியைத் தருகிற விஷயம், மறைக்க மாட்டேன்.

வளர்ந்த பிறகு சொந்தக்காலில் நிற்பது இன்னொரு பரீட்சை. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கவர், பால் கவர் என்ற சகோதரர்கள் செய்த ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. உலாவியிலேயே ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் நடமாடுகிற ஆட்டம், அந்தக் காலத்துக்கு அது பெரிய வித்தை. அதை நடத்த உருவான ஜாஜெக்ஸ் பெரிய நிறுவனமானது. சகோதரர்கள் பின்னர் விலகினார்கள். 2016-ல் சீன முதலீட்டாளர் கைக்குப் போனது, 2021-ல் கார்லைல், 2024-ல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனங்களின் கைக்கு. விளையாட்டு இன்றும் ஓடுகிறது, ஆனால் வீடு கட்டியவர்கள் வேறு, குடியிருப்பவர்கள் வேறு. அதில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. புது மாற்றங்கள் பிடிக்காத ஆட்டக்காரர்கள் பழைய ஆட்டத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஓட்டெடுப்பு நடத்தி, 2013-ல் 2007-ஆம் ஆண்டின் பதிப்பை மறுபடி திறந்தது நிறுவனம். இன்றும் அந்தப் பழைய பதிப்பில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆட்டக்காரர்களிடம் ஓட்டுக் கேட்கிறார்கள்.

தமிழில் இப்படி எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆன்லைனில் கூடி ஆடும் ஆட்டம் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசு வராது. கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம். அபி என்ற தமிழ் இளைஞர் முன்னின்று நடத்துவது. அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் வெண்பா. 2023 ஜூலை 31-ல் வந்தது. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு நைந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டிலும் ஆவி ஏறும் என்று நான் அந்த விளையாட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்று பதிலைச் சொன்னார். முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாத சின்ன விளையாட்டு. 2024-ல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதல் பரிசு, அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது. இட்லி, புட்டு, பிரியாணி என்ற பெயர்களை மாற்றாமல், விளக்கம் சொல்லிக் குழையாமல், அதை அப்படியே உலகத்துக்கு முன் வைத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைகளிடம் எத்தனை கதை இருக்கிறது! முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் கட்டி முடிக்கும் முன்னால் கட்டியதை எல்லாம் வெள்ளம் வந்து வந்து அடித்துக்கொண்டு போனதே, அது ஒன்றே போதும் ஒரு விளையாட்டுக்கு.

விடாமல் நின்ற இன்னொரு கம்பெனி நம் நாட்டிலேயே உண்டு. புனேயில் நாடிங் ஹெட்ஸ் என்ற நிறுவனம் ராஜி என்ற விளையாட்டைச் செய்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், கேட்ட தொகை சேரவில்லை. விடாமல் இழுத்து 2020-ல் வெளியிட்டார்கள். இதையும் கேமீஷனின் அந்த ஆறு வருஷத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது பெரியவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஊரில் இருந்து நடத்த முடியுமா? எனக்குத் தெரிந்த வரையில் கம்பெனி பிழைப்பது எத்தனை மாதம் தோற்றுக்கொண்டே இருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் கடமலைக்குண்டு சென்னையை ஜெயிக்கும். மூன்று லட்ச ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவருக்கு வாடகை, சாப்பாடு, பஸ் என்று மாதம் 25,000 ஆனால் பன்னிரண்டு மாதத்தில் காலி. சொந்த வீட்டில் இருந்துகொண்டு, அம்மா சமையலில் சாப்பிட்டு, கரண்ட் பில்லும் நெட் பில்லும் வீட்டுக்குக் கொடுக்கிற காசுமாக 10,000-த்தில் முடித்தால் அதே பணம் முப்பது மாதம் வரும். இரண்டரை வருஷம். அந்த நீளத்தில் ஒரு விளையாட்டு தோற்று, இரண்டாவதும் தோற்று, மூன்றாவதைச் செய்ய நேரம் இருக்கும்.

ஸோஹோவை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கேம் கம்பெனி இல்லைதான். ஆனால் வெளியார் முதலீடு வாங்காமல் வளர்ந்து, 2011-லேயே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, அங்கிருந்தே உலகத்துக்கு மென்பொருள் விற்றார்கள். மலையடிவாரத்தில் உட்கார்ந்து செய்ய முடியாத வேலை இது என்று இனி யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கும் மேகமலை அடிவாரம்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூல வைகைக்கு அந்தப் பக்கம் ஏறி வருஷநாடு தாண்டிவிட்டால் பல இடத்தில் சிக்னல் நின்றுவிடும். ஊருக்குள் இருந்தாலும் காற்று மழை என்றால் கரண்ட் போகும், இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. அதைவிடப் பெரிய குறை ஆள். நிரல் எழுதுகிற பிள்ளைகள் இங்கே உண்டு, 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் மடிக்கணினியில் கற்றுக்கொண்டவர்களே எனக்குப் பலரைத் தெரியும். படம் வரைகிறவர், ஒலி அமைக்கிறவர், விளையாட்டு வடிவமைப்பைக் குற்றம் கண்டு சொல்கிற மூத்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. அதை ஆன்லைனில்தான் தேட வேண்டும். வீட்டில் வரும் அழுத்தம் தனி. "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் வீட்டுல உக்காந்து விளையாடிக்கிட்டே இருப்ப?" என்று அவர்களுடைய அப்பா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவரிடம் நான் சொன்னது இதுதான்: "மாமா, ஒரு தேதி வைங்க. அதுவரைக்கும் கேக்காதீங்க. அந்தத் தேதி வந்ததும் பயலுக கணக்கு நோட்டோட உங்க முன்னாடி வந்து உக்காரணும்." ஒத்துக்கொண்டார். பெரியவன் தினமும் இரண்டு மணி நேரம் வெளி வேலை எடுத்துச் செய்து வீட்டுக்குக் காசு கொடுப்பதாகவும் ஏற்பாடு.

ஆரம்பச் செலவு பயப்படுகிற அளவு இல்லை. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர். கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், மேல்கொண்டு ஒரு மேக் கம்ப்யூட்டரும் வேண்டும், அதனால் அது பிற்பாடு. விற்பனையில் கடைக்காரர் பங்கு என்று முன்பு 30 சதவீதம் போகும். 2021 முதல் சின்ன நிறுவனங்களுக்கு கூகுளும் ஆப்பிளும் அதை 15 ஆகக் குறைத்திருக்கின்றன. எந்தக் கருவியில் செய்வது என்று கேட்டால் நான் கோடோவைச் சொல்வேன். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி 2014-ல் உலகத்துக்குத் திறந்துவிட்ட இலவச மென்பொருள். யூனிட்டி நல்ல கருவிதான். ஆனால் 2023 செப்டம்பரில், விளையாட்டை ஒருவர் நிறுவும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வாங்கப்போவதாக அந்த நிறுவனம் திடீரென்று அறிவித்ததையும், சின்னக் கம்பெனிகள் எல்லாம் பதறியதையும், ஒரு வருஷம் கழித்து அதைத் திரும்பப் பெற்றதையும் நான் பார்த்தேன். சொந்தக்காலில் நிற்க நினைக்கிறவன் ஏணி யாருடையது என்றும் பார்க்க வேண்டும்.

பையன்கள் எடுத்திருப்பது தாயம். லூடோவே நம் பக்கத்துப் பச்சீசியிலிருந்து போனதுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். தாயத்தை அப்படியே போனில் ஏற்றினால் போதாதா என்று நினைத்தோம். கணக்குப் போட்டதும் சிக்கல் தெரிந்தது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்றுப் பக்கம். மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுவது இரண்டே விதத்தில், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. லூடோவில் ஆறு விழ ஆறில் ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காது. திண்ணையில் உட்கார்ந்து ஆடும்போது தாயம் விழாமல் தவிப்பதே ஒரு சுவை, சுற்றி நிற்பவர்கள் கேலி செய்வார்கள், நேரம் போவது தெரியாது. முகம் தெரியாத ஒருவரோடு போனில் ஆடும்போது நாலாவது உருட்டலிலேயே எதிராளி கிளம்பிவிடுவார். அதே சமயம் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டும் வெற்றாக விழுவது) விழுந்தால் மறு உருட்டல் உண்டு. பதினாறில் ஆறு விதம். லூடோவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ஒருவர் ஆடிக்கொண்டே போவார், மற்றவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இதற்குச் சின்னவன் ஒரு வழி கண்டான். தெரிந்தவர்கள் அறை திறந்து ஆடினால் ஊர் விதி அப்படியே. தெரியாதவர்களோடு ஆடினால் எல்லோருக்கும் முதல் காய் இறங்கியே இருக்கும், தொடர் உருட்டலுக்கு ஒரு எல்லை உண்டு. பதினெட்டு வயசுப் பையன் இதை யோசித்தான் என்பதில் எனக்குப் பெருமை.

கூகுளில் இப்போது தனிநபர் புதுக்கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பல ஊர்ப் பிள்ளைகள் இதற்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கவலை வரவில்லை. கீழ்வீட்டு அத்தைதான் முதல் ஆள். இப்போதைய பிரச்சினை விதிகளில் வந்து நிற்கிறது. ஒரு காயாவது வெட்டாமல் உள்ளே ஏறிப் பழமாக்கக் கூடாது என்பது எங்கள் தெரு விதி. அத்தை பிறந்த ஊரான மயிலாடும்பாறையில் அப்படி இல்லையாம். மலை என்கிற குறிபோட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்டலாமா, ஒரே கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்து நின்றால் என்ன என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. அறை திறக்கும்போதே இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் போய் வயசானவர்களிடம் அவர்கள் ஆடுகிற விதியைக் கேட்டு எழுதி வருவதாகப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள், சர்வரில் ஆட்டம் நடுவில் அறுந்தால் மறுபடி சேர்க்கிற பகுதியை அதற்குள் நான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.